மெட்டைச் சுமந்து நடந்த போலீஸ்காரர்

வழியில் எங்கோ ஒரு மெட்டு காதில் விழுகிறது. பிடில் வாசிப்பவரிடமிருந்தோ, தெருவில் சீட்டியடித்துப் போகும் ஆளிடமிருந்தோ வந்திருக்கலாம். கேட்டவருக்கு அதை எழுதி வைக்கத் தெரியாது. சுரக்குறிப்பு எழுதும் வித்தை அவருக்கு வாய்க்கவில்லை. அதனால் மறந்து போவதற்குள் அதை வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டு சிகாகோவின் பிரிஜ்போர்ட் பகுதியிலிருந்து பிரைட்டன் பார்க் வரை போகிறார். அங்கே எழுதத் தெரிந்த நண்பர் இருக்கிறார். வழியில் யாராவது நிறுத்திப் பேசினால் மெட்டு கலைந்துவிடும். பாதை முழுக்க எத்தனை தள்ளுவண்டிக்காரர்கள், டிராம் மணிகள், சாராயக்கடைச் சத்தங்கள். எல்லாவற்றுக்கும் நடுவில், ஏந்திய கையில் தண்ணீர் கொண்டுபோவதுபோல் அந்த மெட்டைக் கொண்டு போகிறார்.

அவர் பெயர் ஃபிரான்சிஸ் ஓ'நீல். சிகாகோ போலீஸில் கடைநிலைக் காவலராகச் சேர்ந்து, 1901 முதல் 1905 வரை அந்த நகரப் போலீஸின் தலைவராக இருந்தவர். இன்று உலகில் எங்கே ஐரிஷ் நாட்டுப்புற இசையை வாசித்தாலும், அதன் பின்னால் எங்கோ ஓரத்தில் இவர் நிற்கிறார். நான் சிகாகோவுக்கு வந்து பத்து ஆண்டுகள் கழித்துத்தான் இவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் இவரை விட முடியவில்லை.

எனக்கு இவர் மேல் இத்தனை ஈடுபாடு ஏன் என்று கேட்டால், ஒரு காரணம் சொல்லலாம். என் அப்பா போலீஸில் ஏட்டாக இருந்தவர். ராத்திரி ரோந்து முடிந்து அவர் சைக்கிளை வாசலில் சாத்தும் சத்தம் கேட்கும் வரை அம்மா தூங்கமாட்டாள். போலீஸ்காரன் குடும்பம் என்றால் அந்தக் காத்திருப்புதான். அதனால் ஓ'நீலைப் படிக்கும்போதெல்லாம் என் கண் அவர் மனைவி அன்னாவைத் தேடும். அந்தத் தேடலுக்குப் புத்தகங்களில் கிடைப்பது மிகக் குறைவு. கிடைத்ததை இங்கே சொல்கிறேன்.

ஓ'நீல் பிறந்தது 1848 ஆகஸ்டில், அயர்லாந்தின் தென்மேற்கில் கார்க் மாவட்டத்தில், பான்ட்ரிக்கு அருகே ட்ராலிபேன் என்ற சிற்றூரில். அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்கு அழுகல் நோய் நாட்டையே தின்றுகொண்டிருந்த நேரம். பத்து லட்சம் பேர் பஞ்சத்திலும் அதோடு வந்த காய்ச்சலிலும் செத்தார்கள். இன்னொரு பத்து லட்சத்துக்கும் மேலானோர் கப்பலேறினார்கள். மேற்குக் கார்க் அந்தப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட பகுதி. ஓ'நீல் குடும்பம் ஓரளவு வசதியான விவசாயக் குடும்பம் என்பதால் பிழைத்தது. அம்மா கேத்தரின் ஓ'மஹோனி வம்சம். அவளுடைய அப்பா வீட்டில் ஊர்சுற்றிப் பாணர்களுக்கு எப்போதும் கதவு திறந்திருக்கும். அங்கே கேட்டு வளர்ந்த பாட்டுகளை அவள் தன் வீட்டில் பாடிக்கொண்டே இருந்தாள். பிள்ளை அதைக் கேட்டு வளர்ந்தான். ஊர்க்காரர் திமோதி டௌனிங் என்ற நிலக்கிழார் அவனுக்குப் புல்லாங்குழலைக் கையில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

அந்த ஊரில் பீட்டர் ஹாகர்ட்டி என்று ஒரு பைப் கலைஞர் இருந்தார். ஐரிஷ் பைப் என்பது வாயால் ஊதுவது அல்ல. சின்னத் துருத்தி ஒன்றைப் பக்கத்தில் இடுக்கி முழங்கையால் அமுக்கிக் காற்றடிப்பது. அதன் ஐரிஷ் பெயரிலேயே முழங்கை இருக்கிறது. நாற்சந்தியில் ஞாயிற்றுக்கிழமை அவர் வாசிப்பார், ஊர் இளவட்டங்கள் ஆடுவார்கள். புதிதாக வந்த பங்குத்தந்தைக்கு அந்த ஆட்டம் பிடிக்கவில்லை. நாற்சந்தி ஆட்டமும் கூடாது, வீட்டு விசேஷ ஆட்டமும் கூடாது என்று தடுத்துவிட்டார். பிழைப்பு போன அந்தக் கலைஞர் பான்ட்ரியின் ஏழையர் விடுதியில் போய் முடங்கி அங்கேயே இறந்துபோனார். ஓ'நீல் இதைத் தன் புத்தகத்தில் எழுதுகிறார். பஞ்சத்துக்குத் தப்பிய இசையை உள்ளூர்க்காரர்களே கொன்றார்கள் என்ற கசப்பு அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

படிப்பில் கெட்டிக்காரன். கணக்கில் புலி. பள்ளியில் அவனுக்குத் தத்துவஞானி என்று பட்டப்பெயர். வீட்டில் அவனைத் துறவியர் சபையில் சேர்த்து ஆசிரியர் ஆக்கிவிட நினைத்தார்கள். கார்க் நகரில் ஆயரைப் பார்க்கப் போன ஏற்பாடு தவறிப்போனது. பையனுக்குப் பதினாறு வயது. வீட்டுக்குத் திரும்பாமல் 1865-ல் கப்பலேறிவிட்டான்.

அதற்கப்புறம் ஐந்து ஆண்டுகள் அவன் சுற்றிய சுற்று ஒரு ஆயுளுக்குப் போதும். மத்தியதரைக் கடல், கருங்கடல் என்று போனான். 1866-ல் லிவர்பூலிலிருந்து நியூயார்க் போன எமரால்ட் ஐல் என்ற கப்பலில் மாலுமி வேலை. அந்தக் கப்பலில் பயணியாக வந்தவள்தான் அன்னா ரோஜர்ஸ். கிளேர் மாவட்டத்து ஃபீக்கிள் ஊர்ப்பெண். பிழைக்க அமெரிக்கா போகிறவள். நியூயார்க்கில் இருவரும் பிரிந்தார்கள்; கல்யாணம் நடந்தது நான்கு ஆண்டுகள் கழித்து. இடையில் இருவரும் எப்படி ஒருவரை ஒருவர் மனதில் வைத்திருந்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

அந்த இடைக்காலத்தில் அவர் செத்துப் பிழைத்த கதை ஒன்று உண்டு. மின்னெஹாஹா என்ற கப்பல் பசிபிக் நடுவே பேக்கர் தீவில் மோதி உடைந்தது. மரமில்லாத, பறவை எச்சம் மட்டுமே குவிந்து கிடந்த தீவு. அங்கே தவித்துக் கிடந்தவர்களை ஸோயி என்ற சின்னக் கப்பல் ஏற்றிக்கொண்டது. அதன் மாலுமிகள் பசிபிக் தீவுக்காரர்கள். எல்லோருக்கும் போதுமான உணவு கப்பலில் இல்லை, கிட்டத்தட்டப் பட்டினிதான். ஒரு தீவுக்காரரிடம் நல்ல புல்லாங்குழல் ஒன்று இருந்தது. மாலை நேரங்களில் ஒரே ஒரு சின்னத் தோத்திர மெட்டைப் பெருமையாக வாசிப்பார். ஓ'நீல் அந்தக் குழலை வாங்கித் தன் ஊர் மெட்டுகளை வாசித்துக் காட்டினார். அந்த ஆளுக்கு வந்த சந்தோஷத்தைப் பாருங்கள்: அன்று முதல் தன் பங்குப் போயிக் களியையும் டப்பா மீனையும் இந்த அந்நியனோடு பகிர்ந்துகொண்டார். முப்பத்து நான்கு நாள் கழித்து ஹொனலுலு சேர்ந்தபோது, தப்பியவர்களில் மூன்று பேரைத் தவிர மற்ற எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. திடமாக நின்ற அந்த மூவரில் ஓ'நீலும் ஒருவர். ட்ராலிபேனில் கற்ற குழல் அவருக்குப் பசிபிக் கடலில் சோறு போட்டது.

பிறகு கலிஃபோர்னியா மலையடிவாரத்தில் ஆடு மேய்த்தார். தென்னமெரிக்காவின் தென்கோடி முனையான கேப் ஹார்னைச் சுற்றி மீண்டும் நியூயார்க் வந்தார். மிசௌரியில் எடினா என்ற ஊரில் ஒரு குளிர்காலம் பள்ளிக்கூடம் நடத்தினார். அங்கே ஐரிஷ் குடியேறிகள் வாராவாரம் ஆட்டம் வைப்பார்கள். அந்த மெட்டுகளும் தலைக்குள் ஏறின. 1870 நவம்பரில் இல்லினாய்ஸின் ப்ளூமிங்டன் நகரில் அன்னாவை மணந்துகொண்டு, இருவரும் சிகாகோவில் குடியேறினார்கள். அடுத்த ஆண்டே சிகாகோ எரிந்து சாம்பலானது. எரிந்த நகரத்தைத் திரும்பக் கட்ட ஆள் தேவைப்பட்ட காலம். ரயில்வே சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தார். 1873 ஜூலையில் போலீஸ் உடுப்பு.

ஐரிஷ்காரன் ஏன் போலீஸ் வேலைக்குப் போனான் என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஊரில் போலீஸ் என்றால் துப்பாக்கியோடு வரும் அரசின் படை. குத்தகை கட்ட முடியாத குடும்பத்தை வீட்டைவிட்டு வெளியேற்றும்போது, ஜமீன் ஆட்களுக்குக் காவலாக நிற்பவன் போலீஸ்காரன். அப்படிப்பட்ட உடுப்பை வெறுத்து வளர்ந்தவர்கள் கடல் தாண்டியதும் அதே உடுப்புக்கு வரிசையில் நின்றார்கள். காரணம் எளிது. ஆங்கிலம் பேசத் தெரியும். ஓட்டு இருந்தது. வார்டு கவுன்சிலர் சொன்னால் வேலை கிடைக்கும். மாதம் தவறாத சம்பளம். தினக்கூலிக்கு மண் சுமந்தவனுக்கு அது எத்தனை பெரிய ஏற்றம் என்று சொல்லத் தேவையில்லை. என் தாத்தா வயலில் கூலிக்குப் போனவர். அப்பாவுக்குக் காக்கி கிடைத்த அன்று ஊரே வந்து பார்த்ததாம்.

ஓ'நீல் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு கொள்ளைக்காரனை மடக்கினார், அவன் சுட்டான். குண்டு முதுகெலும்புக்கு அருகே போய்த் தங்கிவிட்டது. எடுத்தால் ஆபத்து என்பதால் மருத்துவர்கள் அதை அங்கேயே விட்டுவிட்டார்கள். ஆளைப் பிடித்துக் கொடுத்ததற்கு உடனே பதவி நிரந்தரம் ஆனது. குண்டு உடம்போடு இருந்துவிட்டது. அறுபத்திரண்டு ஆண்டுகள் அதைச் சுமந்தே நடந்தார். அன்னாவுக்கு அப்போது கல்யாணமாகி மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. செய்தி வீட்டுக்கு வந்த அந்த இரவை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மறுபடி உடுப்பு மாட்டிக்கொண்டு கிளம்பியவரை அவள் எப்படி அனுப்பி வைத்தாள்?

இனி இசைக்கு வருகிறேன்.

அயர்லாந்தில் ஒரு கிராமத்தானுக்குத் தன் மாவட்டத்து மெட்டுகள்தான் தெரியும். கெர்ரிக்காரனுக்கு டோனகல் மெட்டு தெரிய வாய்ப்பில்லை. பஞ்சம் எல்லோரையும் வாரிக் கொண்டுவந்து சிகாகோவின் நான்கைந்து வார்டுகளில் கொட்டியது. லெய்ட்ரிம் பைப் கலைஞர் ஒரு தெருவில், மேயோ பிடில்காரர் அடுத்த தெருவில், டிப்பெரரி நெசவாளி இன்னொரு மூலையில். அயர்லாந்தின் முப்பத்திரண்டு மாவட்டங்களையும் நடந்தே சுற்றிவர முடிகிற ஒரே ஊர் அன்று சிகாகோதான். அந்தத் தெருக்களை நடப்பதே தொழிலாக உள்ள ஒருவர், காது கூர்மையானவர், ஒருமுறை கேட்டதை மறக்காதவர் அங்கே இருந்தார். இசை ஆய்வாளர்கள் பெரிய பெரிய காரணம் சொல்வார்கள். எனக்கு இந்த ரோந்துதான் முக்கியக் காரணமாகப் படுகிறது.

ரோந்தில் பழக்கமான கூட்டாளி ஒருவர், கிளேர் மாவட்டத்து 'பெரிய' பாட் ஓ'மஹோனி. மலைபோல் உடம்பு, குழல் வாசிப்பார். மற்றவர்கள் தரையில் காலைத் தட்டித் தாளம் போடுவார்கள். இவர் நாற்காலியைச் சுவரில் சாய்த்து, பின்னங்கால்களில் நிறுத்தி, அதில் சரிந்து உட்காருவார். இரண்டு காலும் தரை தொடாமல் அந்தரத்தில் கடிகாரப் பெண்டுலம்போல் ஒன்றாக ஆடும். அந்த ஆட்டத்தில்தான் தாளம். ஓ'நீல் இதை எழுதியிருக்கும் விதத்தில், நாற்காலி சுவரில் உரசும் சத்தம்கூட எனக்குக் கேட்கிறது. மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு ஆளை விட்டுவிடும் சேகரிப்பாளர்கள் நிறையப் பேர். இவர் நாற்காலியையும் சேர்த்துப் பிடித்தார்.

எழுதிக் கொடுத்தவர் ஜேம்ஸ் ஓ'நீல். பெயர் ஒன்றே தவிர உறவு கிடையாது. அவர் வடக்கே டவுன் மாவட்டத்துக் குடும்பம். பிடில் வாசிப்பார், சுரக்குறிப்பு எழுதுவார். பின்னால் அவரும் போலீஸில் சார்ஜென்ட் ஆனார். ஃபிரான்சிஸ் குழலில் வாசிப்பார், அல்லது முணுமுணுப்பார். ஜேம்ஸ் தாளில் இறக்குவார். இறக்கியதை பிடிலில் வாசித்துக் காட்டுவார். ஓரிடத்தில் சுரம் பிசகினால் ஃபிரான்சிஸ் கையைக் காட்டி நிறுத்துவார். அடித்து மறுபடி எழுதுவார்கள். முதலில் அம்மா பாடிய பாட்டுகள். அதற்கப்புறம் ஊரார் மெட்டு, கப்பல் மெட்டு, மிசௌரி மெட்டு, நண்பர்கள் மெட்டு. முதலில் குடும்பத்துக்காக மட்டும் என்றுதான் தொடங்கினார்கள். அது வளர்ந்துகொண்டே போனது.

இசைக்காரர்களுக்குப் போலீஸ் வேலை வாங்கிக் கொடுத்தார் என்ற பேச்சு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. பைப் வாசித்த பார்னி டெலேனி ஒரு சாராயக்கடையில் வாசித்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டவர். ஓ'நீல் அவரைப் போலீஸுக்குக் கொண்டுவந்தார். டெலேனி பிறகு அன்னாவின் உடன்பிறந்தவள் ஜூலியாவைக் கட்டிக்கொண்டு ஓ'நீலுக்குச் சகலை ஆனார். 'ஜூலியா டெலேனி' என்ற பெயரில் ஒரு ரீல், அதாவது வேகமான ஆட்ட மெட்டு, இன்றும் உலகமெங்கும் வாசிக்கப்படுகிறது. பொதுப்பணத்தில் சம்பளம் தரும் வேலையை இசைக்காக ஒருவருக்குக் கொடுப்பது சரியா என்று கேட்டால், சரியில்லை என்றுதான் சொல்வேன். சிபாரிசு இல்லாமல் எவருக்கும் அந்த வேலை கிடைக்காத காலம் அது என்பது உண்மைதான். ஆனாலும் சிபாரிசில்லாத ஒரு ஏழை போலந்துக்காரனுக்கோ கறுப்பினத்தவனுக்கோ அந்த வாய்ப்பு மறுக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கும் இந்த இசையோடு சேர்ந்ததுதான்.

1887-ல் ரோந்து சார்ஜென்ட், 1890-ல் லெப்டினன்ட், 1894-ல் கேப்டன். அந்த 1894-ல்தான் புல்மன் ரயில்வே வேலைநிறுத்தம் சிகாகோவை உலுக்கியது. 1901 ஏப்ரலில் மேயர் கார்ட்டர் ஹாரிசன் அவரைத் தலைவராக்கினார்.

பதவிக்கு வந்த ஐந்தாம் மாதம் ஜனாதிபதி மெக்கின்லி பஃபலோவில் சுடப்பட்டார். சுட்டவன் தன்னை அராஜகவாதி, அதாவது அரசாங்கமே கூடாது என்கிறவன், என்றான். உடனே அராஜகவாதிகளின் பேச்சாளர் எம்மா கோல்ட்மனைத் தேடினார்கள். அவர் சிகாகோவில் பிடிபட்டார். நாடே அவர் ரத்தம் கேட்டது; பத்திரிகைகள் தீர்ப்பே எழுதிவிட்டன. காவலில் முதல் நாட்களில் அவர் பட்ட பாடு கொடுமை. ஓ'நீல் நேரில் போய் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார். கேட்டு முடித்தபோது, இந்தப் பெண்ணுக்கும் கொலைக்கும் தொடர்பில்லை என்ற முடிவுக்கு வந்தார். அதை வெளியிலும் சொன்னார். அதற்குப் பிறகு எம்மாவை நடத்தும் விதமே மாறிவிட்டது. சாட்சியம் இல்லாமல் சில நாட்களில் விடுதலையும் ஆனார். போலீஸ்காரர்களைப் பற்றி நல்ல வார்த்தை எழுதும் பழக்கமில்லாத எம்மா கோல்ட்மன், தன் சுயசரிதையில் இந்த மனிதரைப் பற்றி மரியாதையோடு எழுதினார். ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது, கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பிச் சொல்ல ஒரு அதிகாரிக்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! அந்த இரண்டு வாரத்துக்காகவே நான் இவருக்கு எழுந்து நிற்பேன்.

இப்போது வீட்டுக்குள் போக வேண்டும். எழுதத் தயங்கிக்கொண்டே இருந்த இடம் இதுதான்.

அன்னாவுக்கும் ஃபிரான்சிஸுக்கும் பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஐந்து ஆண், ஐந்து பெண். அன்றைய சிகாகோவில் சாக்கடையும் குடிநீரும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. தொண்டை அடைப்பான், டைபாய்டு, கக்குவான் என்று குழந்தைகளை வாரிக்கொண்டு போகும் நோய்கள் வரிசையாக வந்தன. பிள்ளைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் புதைத்தார்கள். பதவி உயர்ந்தது, சம்பளம் உயர்ந்தது, வீடு பெரிதானது. வீட்டில் ஆட்கள் குறைந்தார்கள். கடைசியில் ஆண்பிள்ளைகளில் எஞ்சியவன் ரோஜர்ஸ் ஒருவன்தான். தாய் வீட்டுக் குடும்பப் பெயரையே பெயராகச் சுமந்தவன்.

1903-ல் பெரிய புத்தகம் வெளிவந்தது. 'ஓ'நீலின் அயர்லாந்து இசை'. 1,850 மெட்டுகள். 625 பாட்டு மெட்டுகள், 18-ஆம் நூற்றாண்டின் பார்வையற்ற யாழ்க்கலைஞர் கரோலனின் 75 மெட்டுகள், ஆட்ட மெட்டு வகைகளில் 415 இரட்டை ஜிக்குகள், 380 ரீல்கள், 225 ஹார்ன்பைப்புகள், மற்றும் பல. அதுவரை அந்த இசைக்கு இத்தனை பெரிய தொகுப்பு வந்ததில்லை. முதலில் தேர்வுக்கு ஒரு குழு வைத்திருந்தார்கள். அவரவர் வாசிப்பதே சரி என்று சண்டை வந்து குழு கலைந்தது. கடைசியில் இரண்டு ஓ'நீல்களுமே உட்கார்ந்து முடித்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 30. இராக்வாய் தியேட்டரில் மதியக் காட்சி. விடுமுறை என்பதால் பெண்களும் குழந்தைகளும் நிறைந்திருந்தார்கள். மேடையில் தீப்பிடித்தது. வெளியேறும் கதவுகள் பல பூட்டியிருந்தன. 602 பேர் இறந்தார்கள். அந்த நகரத்தின் போலீஸ் தலைவர் ஓ'நீல்.

அடுத்த ஆண்டு, 1904-ல், ரோஜர்ஸ் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். பதினெட்டு வயது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இசை வாசிக்கப்படவில்லை என்பது குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அன்னாவால் தாங்க முடியவில்லை. அயர்லாந்தின் இசையைத் திரட்டிய மனிதர் தன் வீட்டில் அதை வாசிக்க முடியாமல், வெளியே நண்பர்கள் வீடுகளில் போய்க் கேட்டார். அன்னாவை நான் குறை சொல்லமாட்டேன். தூக்கம் வராத இரவில் பிள்ளைகளுக்குத் தாலாட்டிய அதே மெட்டுகள்தானே அவை. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் முகம் இருந்திருக்கும். அவர் அவளோடு வாதாடியதாக எங்கும் படிக்கவில்லை. வீட்டின் மௌனத்தை மதித்துக்கொண்டு, எழுத்து மேஜையில் வேலையைத் தொடர்ந்தார்.

1904 கோடையில் இறைச்சிக் கூடத் தொழிலாளர் வேலைநிறுத்தம், 1905-ல் வண்டியோட்டிகள் வேலைநிறுத்தம். கல்லெறி, ரத்தம், பகலிரவு பந்தோபஸ்து. அந்த ஆண்டே பதவியைவிட்டு இறங்கினார். 1906-ல் அன்னாவோடு அயர்லாந்துக்குப் போனார். விட்டு வந்து நாற்பத்தொரு ஆண்டுகள். நாற்சந்திகள் அங்கேயே இருந்தன. பைப் கலைஞர்களைத்தான் தேட வேண்டியிருந்தது. சிகாகோவில் ஒரே மாலையில் கேட்கக் கிடைத்த இசை ஊரில் கிடைக்கவில்லை. திரும்பிவந்து இன்னும் வேகமாக வேலை செய்தார். 1907-ல் ஆட்டத்துக்கு வாசிக்கும் மெட்டுகளை மட்டும் பிரித்து 1,001 மெட்டுகளோடு இன்னொரு தொகுப்பு போட்டார். அயர்லாந்தில் வாசிப்பவர்கள் அதைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. 'அந்தப் புத்தகம்' என்றாலே போதும். 1910-லும் 1913-லும் இசைக்காரர்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதினார். யார் எந்த ஊர், யாரிடம் கற்றார், எங்கே செத்தார் என்று ஒரு வழக்கு விசாரிப்பதுபோல் விசாரித்து எழுதினார். அந்தப் புத்தகங்கள் இல்லையென்றால், அதில் உள்ள பாதிப் பேரின் பெயர்கூட இன்று நமக்குத் தெரியாது. புத்தகங்கள் பெரிதாக விற்கவில்லை. கைக்காசு போட்டார். தன் இனத்தாருக்கே தன் இசையின் அருமை தெரியவில்லையே என்ற வருத்தம் முதுமையில் கடிதங்களில் அடிக்கடி வந்தது. 1931-ல் தன் நூலகத்தை நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

எடிசன் மெழுகு உருளைகளில் நண்பர்களின் வாசிப்பைப் பதிவு செய்தும் வைத்தார். பாட்ஸி டூஹி என்ற பெரும் பைப் கலைஞரின் உருளைகளை அயர்லாந்தில் இருந்த அறிஞர், பாதிரியார் ரிச்சர்ட் ஹெனிப்ரிக்கு அனுப்பினார். இன்னும் சில உருளைகள் மில்வாக்கி நகரத் தீயணைப்பு வீரரும் இசைக்காரருமான மைக்கேல் டன் என்ற நண்பரிடம் போய்ச் சேர்ந்தன. அவை அந்தக் குடும்பத்துப் பொருட்களோடு பொருட்களாக நூறு ஆண்டுகளுக்குப் பக்கமாகத் தூங்கி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியே வந்தன. இன்று மில்வாக்கியின் வார்டு ஐரிஷ் இசை ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. கேட்டுப் பாருங்கள். முதலில் எண்ணெய்ச் சட்டியில் எதையோ போட்டதுபோல் ஒரு பொரியல் சத்தம். அதற்குள்ளிருந்து பைப் மெல்ல எழுந்து வரும். ஒரு உருளைக்கு இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இடம். மெட்டு இரண்டாம் சுற்றில் உச்சியில் இருக்கும்போதே மெழுகு தீர்ந்துவிடும்.

1931-ல் அவர் தன் வாழ்க்கையையும் எழுதி முடித்திருந்தார். அச்சுக்கு என்று எழுதவில்லை, வீட்டார் படிக்க. கப்பல், குண்டு, போலீஸ் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் கையெழுத்துப் பிரதியைக் குடும்பம் பத்திரப்படுத்தி வைத்திருந்து, 2008-ல்தான் புத்தகமாக வந்தது. பத்துப் பிள்ளைகளில் மிஞ்சிய நான்கு மகள்களின் வழியாக வந்த கைகள்தான் அதைக் காப்பாற்றின. அன்னா 1934-ல் போனார். அறுபத்து மூன்று ஆண்டு தாம்பத்தியம். 1936 ஜனவரியில் அவரும் போனார்.

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 111-ஆம் தெருவில் உள்ள மௌண்ட் ஆலிவெட் கல்லறைத் தோட்டத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சிகாகோவின் பேர்போன ரவுடித் தலைவன் ஆல் கபோனை முதலில் புதைத்ததும் இங்கேதான். பின்னால் வேறிடத்துக்கு மாற்றினார்கள். அதைத் தேடி வருகிறவர்கள் உண்டு. ஓ'நீல் குடும்பத்தின் கல் மண்டபம் தனியாக நிற்கிறது. முகப்பில் குடும்பப் பெயர். மகள் பள்ளியில் குழல் கற்கிறாள், ஏழு மாதமாகத்தான். 1,001-லிருந்து ஒரு எளிய ஜிக்கை எடுத்து வந்திருந்தாள். "இங்க வாசிக்கலாமாப்பா?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அன்னா நினைவுக்கு வந்தாள். அந்தக் கல்லுக்குள் அவளும் இருக்கிறாள்.

"வெளியில போய் வாசிக்கலாம் கண்ணு" என்றேன். கேட்டைத் தாண்டி, காருக்குப் பக்கத்தில் நின்று அவள் வாசித்தாள். மூன்றாவது வரியில் தடுக்கி நின்றாள். முதலிலிருந்து தொடங்கினாள்.